ஃபோஷானில் ஒதுக்கி வைத்த கிண்ணங்கள்

எனக்கும் ஜெரினாவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். "ஜெரினா, பருப்பு கரைஞ்சு போச்சு, அடுப்ப அமத்துங்க" என்று இந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பேன். முப்பது வருடம் வகுப்பெடுத்த தொண்டை, சுவரைத் தாண்டிவிடும். "அதுக்குள்ள விசில் வந்துடுச்சா டீச்சர்?" என்பாள். கணவர் ஹிதாயத்துல்லா குவைத்தில், மகள் அப்ரின் புகுந்த வீட்டில். தனியாக இருப்பவள் ஏதோ யோசனையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் தேசிகன் நடத்துகிற பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்ப்பவள் ஜெரினா. இடது உள்ளங்கையில் ஜாடியை நிறுத்தி, வலது நடுவிரலை மடக்கி ஒரே தட்டு. கணீர் என்றால் வலது பக்கம். டொக் என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது, இடது பக்கம் ஒதுக்கிவிடுவாள். ஒதுக்கியதை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஷெட்டில் மோட்டார் இரைச்சலில் வேறு யாருக்கும் அந்த ஓசை சரியாகக் கேட்காது, கேட்டாலும் அவளை மறுத்துப் பேசி யாருக்கும் பழக்கமில்லை. "ஜெரினாம்மா சொன்னா சொன்னதுதான்" என்பார் தேசிகன்.

அங்கே மெல்லிய டீக் கப் வார்ப்பவள் மாரியம்மாள் ஒருத்திதான், மற்றவர்களுக்கெல்லாம் கனத்த ஜாடி வேலை. சென்ற வருடம் அவள் கப்புகள் பாதிக்குப் பாதி இடது பக்கம் போக ஆரம்பித்தன. ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் எதிரில் வந்து நின்றுவிட்டாள்.

"எக்கா, நல்லா கேளுங்க. கணீர்னுதான் இருக்குது."

"முப்பது வருசமா தட்டுற காது இது. எனக்கே சொல்லித் தர வந்துட்டியா?"

அந்த மாதத்தோடு தேசிகன் மாரியம்மாளை நிறுத்திவிட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவள், இப்போது தினமும் பஸ் ஏறி வேப்பூர் ரோட்டு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போகிறாள். "நான் செஞ்சது சரிதானே டீச்சர்?" என்று ஜெரினா என்னிடம் நாலைந்து தடவை கேட்டாள். தன் மேல் சந்தேகம் இல்லாதவள் இத்தனை தடவை கேட்க மாட்டாள். நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி பைரோஸ் சீனாவிலிருந்து டிக்கெட் அனுப்பினான். குவாங்சோவில் இருந்துகொண்டு சாமான் வாங்கிச் சென்னைக்குக் கப்பல் ஏற்றுகிற வியாபாரம் அவனுக்கு. "பத்து நாள் சும்மா சுத்திப் பாரு. பக்கத்துல ஃபோஷான்னு ஒரு ஊரு, ஊரே பீங்கான்தான். நீ பாக்காம யார் பாப்பா?" என்றான். டூரிஸ்ட் விசாவில் போனாள். திரும்பி வந்து மூன்று நாள் என்னிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

குவாங்சோவில் மெட்ரோ ஏறியவர்கள் ஃபோஷானில்தான் இறங்கினார்களாம். நடுவில் ஊர் முடிந்ததும் தெரியவில்லை, இன்னொன்று தொடங்கியதும் தெரியவில்லை. மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம். பஸ்ஸும் லாரியும் ஸ்கூட்டரும் நூற்றுக்கணக்கில் போகின்றன, ஆனால் ஹாரன் சத்தமே இல்லை. பேட்டரி ஸ்கூட்டர்கள் பக்கத்தில் வந்து உரசாமல் நழுவிப் போயின. "கனாவுல நடக்கிற மாதிரி இருந்துச்சு டீச்சர். எல்லாம் அசையுது, எதுவும் சத்தம் போடல" என்றாள்.

தெருத் தெருவாக டைல்ஸ் கடைகள். ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நான்கு மாடிக்கும் வெள்ளை வெளேரென்று கக்கூஸ் பீங்கான்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மேலே கல்யாண வீட்டுக்குப் போடுகிற மாதிரி விளக்குப் போட்டிருந்தார்களாம். அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு பழைய சூளை ஒன்றைப் பார்த்தார்கள். மேட்டுச் சரிவில் ஆலமரத்தடியில் நீளமாகப் படுத்திருந்தது. பல நூறு வருடமாக அதில் நெருப்பு அணைந்ததில்லை என்று பைரோஸ் சொன்னான். அதன் செங்கல் மேல் கையை வைத்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. எடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

ஹலால் கடையில் மாட்டுக்கறி நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் விட்டு நீலச் சட்டைப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்து கிடந்தது. மாரியம்மாள் கையும் அப்படித்தான் இருக்கும். ஜெரினா அவள் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்திலேயே ஒரு பாத்திரக் கடை. பைரோஸ் வாசலில் நின்று போன் பேச, ஜெரினா உள்ளே போனாள். மெல்லிய வெள்ளைக் கிண்ணங்கள் மலையாகக் குவிந்திருந்தன. கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தித் தட்டினாள். டொக். இடது பக்கம் வைத்தாள். அடுத்தது, அதுவும் டொக். இவ்வளவு பெரிய ஊரில் இப்படியா சாமான் போடுவார்கள் என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பொறுப்பாக இருபது கிண்ணத்தை ஒதுக்கிவிட்டாள்.

கடைக்காரம்மாள் சிரித்த முகத்தோடு வந்து அந்த இருபதையும் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள். அந்த ஊரில் எடுத்துத் தனியாக வைத்தால் வேண்டும் என்று அர்த்தம்.

"இத்தன கிண்ணம் எதுக்குக்கா?" என்று உள்ளே வந்தான் பைரோஸ்.

"வாங்கலடா. எல்லாம் விரிசல், அந்தம்மாகிட்ட சொல்லு."

அவன் சொன்னதும் கடைக்காரம்மாள் முகம் சிவந்துவிட்டது. சுற்றிய காகிதத்தைப் பிரித்தாள். ஒரு கிண்ணத்தைப் பைரோஸ் காதருகில் பிடித்து நகத்தால் சுண்டினாள். இன்னொன்று. இன்னொன்று. ஜெரினா கிண்ணத்தைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுகிற ஒவ்வொரு தடவையும் அவன் புருவம் லேசாக உயர்ந்தது. ஓசை நின்ற பிறகும் அவன் எதையோ கேட்டுக்கொண்டே நின்றான். அவளுக்கு நகம் படுகிற டொக் மட்டும்தான் எட்டியது.

"எப்படிடா கேக்குது?"

"கோயில் மணி கணக்கா இருக்குதுக்கா. உனக்குக் கேக்கலயா?"

அலமாரியில் ஒரு கனத்த ஜாடி இருந்தது. போய் அதைத் தட்டினாள். கணீரென்று கேட்டது. திரும்பி வந்து கிண்ணத்தைத் தட்டினாள். டொக். மறுபடி ஜாடி, மறுபடி கிண்ணம். தடித்த ஓசை காதில் விழுகிறது, மெல்லிய ஓசை போய்விட்டது. எப்போது போனது என்றே தெரியவில்லை. கம்பெனியில் ஜாடி வார்த்தவர்களெல்லாம் பிழைத்துக்கொண்டார்கள், கப் வார்த்தவள் மாட்டிக்கொண்டாள். ஜெரினா அந்தக் கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காது போனதற்கு அழவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாள். உடைந்து குப்பைக்குப் போன நல்ல கப்புகள் எத்தனை என்று நினைத்துத்தான் அழுதாளாம்.

இருபது கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்ததும், "என் போன்ல மாரியம்மாள் நம்பர் இருக்கு, பாத்து உன் போன்லேர்ந்து போடு" என்றாள்.

"ஊருக்குப் போயி நேர்ல பேசிக்கலாமேக்கா."

"போடுறா."

வேப்பூர் ரோட்டு ஓட்டலில் அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாரியம்மாள் போனை எடுத்ததும் ஜெரினா மூச்சுவிடாமல் பேசினாள். "மாரி, நான் ஜெரினா. உன் கப்புல ஒரு குத்தமும் இல்ல. என் காதுலதான் குத்தம். வந்ததும் சார்கிட்ட நானே சொல்றேன். நான் தட்டுற வேலய விட்டுடறேன், நீ உன் வேலைக்கு வா."

மறுமுனையில் ஏதோ கசகசவென்று வந்தது. மாரியம்மாளுக்குக் கீச்சுக் குரல். ஒரு வார்த்தையும் புரியாமல் போனைத் தம்பியிடம் கொடுத்தாள். "என்னா சொல்றான்னு கேட்டுச் சொல்லு."

பைரோஸ் கேட்டான். போனைக் காதிலிருந்து லேசாகத் தள்ளிப் பிடித்தான். முகம் ஒரு மாதிரியாகிப் போனது.

"என்னடா?"

"திட்டுறாங்கக்கா. ரொம்பக் கேவலமாத் திட்டுறாங்க. கட் பண்ணிடவா?"

"கட் பண்ணாத. இங்க குடு."

ஜெரினா போனை வாங்கிக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். நீலச் சட்டைக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாரியம்மாள் திட்டி முடித்து, போனை வைக்கிற வரைக்கும், ஒரு சொல்லும் எட்டாமல் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.