கப்றடியில் கருகிய தேசி

கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் பள்ளிவாசல் கொட்டகைக்கு ஜவுபர்தான் பொறுப்பு. முதல் சவ்வு உப்பைப் பிடித்துவிடும். போரன் என்று ஒன்று இருக்கிறதே, அது அதற்குள்ளும் நழுவி வரும். நாக்குக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். கொஞ்சம் காரமருந்து கலந்து இரண்டாம் சவ்வுக்குள் தள்ளினால்தான் அகப்படும். இயந்திரத்தைப் பொருத்தித் தந்த எஞ்சினியர் படித்துப் படித்துச் சொன்னது இது.

தொழுமுன் கைகால் கழுவ வந்தவர்களோ, "தண்ணி வழுவழுங்குது ஜவுபர், சவுக்காரத்தண்ணியில ஒளு எடுத்தா தொழுகை கூடுமா?" என்று பிடித்துக்கொண்டார்கள். சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை. ஒரு நாள் மருந்துக் குழாயைப் பூட்டிவிட்டான். எல்லாரும் அவனுக்காக இறைவனிடம் துஆச் செய்தார்கள்.

வெள்ளிதோறும் அசர் தொழுகைக்குப் பிறகு, கொட்டகையில் பிடித்த ஒரு கேன் தண்ணீரோடு ஸுஹைறா, இறந்தவர்களை அடக்கும் மையவாடியின் மதிலோரம் நிற்பாள். பெண்கள் உள்ளே போவதில்லை. ஜவுபர் வாங்கிப் போய், அவள் புருஷன் ஹமீடை அடக்கிய கப்றடியில் நின்ற தேசிக்கன்றுக்கு, அந்தச் சின்ன எலுமிச்சைக்கு, ஊற்றுவான். பச்சை நிற்கும்வரை அது இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் செய்யும், உள்ளே கிடப்பவருக்கு வேதனை குறையும் என்பது நம்பிக்கை.

அந்தக் கன்று இலை நுனியிலிருந்து கருகத் தொடங்கியது, நெருப்பில் காட்டி எடுத்த மாதிரி.

"அவர எரிக்கிறாங்க தம்பி. சோறு வடிக்கக்குள்ளயும் கருகல் வாசம்தான் மூக்கில."

"வெயில் ராத்தா."

"இவருக்கு மட்டுமா வெயில்?"

பிள்ளை செத்துப் பிறந்த அன்று, அவள் மறித்தும் கேளாமல் கடலுக்குப் போனவர் ஹமீட். உயிர் பிரிந்து மவுத்தாகும்போது, தன்னை மன்னித்துப் பொறுத்துக்கொள் என்று அவள் கையைப் பிடித்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இலை கருகக் கருக, மதிலைப் பிடித்தபடி, "பொறுத்துட்டன், பொறுத்துட்டன்" என்கிறாள். பம்பு இரைச்சலுக்குள்ளும் ஜவுபருக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

இலை கருகத் தொடங்கி நான்காம் வெள்ளி அவன் கேனை வாங்கவில்லை. "ராத்தா, மருந்த நிப்பாட்டினது நான். கருகினது என்ட தண்ணியால."

"அப்ப அவர் எரியல்லியா?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இல எரிஞ்சது என்னால."

"அடப்பாவி! ஒரு இலைக்குப் பயந்தா நான் பொறுத்தன்?" கேனை மணலில் கவிழ்த்தாள். "சொன்ன சொல்லத் திருப்பி எடுக்கேலா. நீயே போய் அவருக்கிட்டச் சொல்லு, நான் மனசறிஞ்சு சொல்லல்ல எண்டு."

ஜவுபர் உள்ளே போனான். "ஹமீட் காக்கா," என்று தொடங்கினான். அதற்கு மேல் வரவில்லை. மதிலுக்கு மேலால் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.