பசை அண்ணன் ஒட்டிய பச்சை மூடி

அந்தக் கட்டடத்தில் ஆடுகிற பொருள் எதுவும் அதிக நாள் ஆடாது. லிஃப்ட் பொத்தான், படிக்கட்டுக் கைப்பிடி, சலூன் கண்ணாடியின் மூலை என்று எது லேசாக அசைந்தாலும் பசை அண்ணன் கண்ணில் பட்டுவிடும். பட்டுவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. மற்றவர்கள் பேனா குத்திக்கொள்கிற சட்டைப் பையில் அவர் பசைக் குழாய் வைத்திருப்பார். யாரும் கேட்க வேண்டாம், காசும் தர வேண்டாம். ஒட்டி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுத் தன் வழியே போவார்.

பிழைப்பும் அதுதான். மாடிப்படிக்கு அடியில் ஒரு பெஞ்சு, ஒரு தையல் மெஷின், சாமான் நிறைந்த இரண்டு மரப்பெட்டிகள். பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றுவார், பயணப் பெட்டிக்குச் சக்கரம் போடுவார், குடைக்குக் கம்பி கட்டுவார். "பை கிழிஞ்சாலும் கிழியும், என் ஒட்டு விடாது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். பீற்றல்தான், ஆனால் பொய்யில்லை. அவர் ஒட்டியதைப் பிரிக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் தோற்றுத்தான் போயிருக்கிறார்கள்.

அவருடைய கூடப்பிறந்த அக்கா அதே கட்டடத்தின் மாடியில் யூனிஃபார்ம் தைக்கிறாள். தம்பி வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்டால், "அந்தப் பசையில கொஞ்சம் எடுத்து உன் வாய்ல தடவிக்கடா" என்பாள். கொஞ்ச காலமாக அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. துணி தெரியும், தையல் தெரியாது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் படியிறங்கி வந்து தம்பியிடம் நீட்டுவாள். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள். அதற்காக எத்தனையோ வருஷம் மெஷினை மிதித்துச் சேர்த்ததெல்லாம் வங்கிக் கணக்கில் இருந்தது.

பெஞ்சுக்கு நாலடி தள்ளிப் பணம் எடுக்கிற மெஷின் அறை. கட்டடத்தில் எல்லாருக்கும் அதுதான். அன்று காலை ஜிப் வாங்கப் பணம் எடுக்கலாம் என்று பசை அண்ணன் உள்ளே போனார். பணம் வந்தது. கார்டை உருவினார். கார்டோடு சேர்ந்து, அது நுழைகிற இடத்தைச் சுற்றியிருந்த பச்சைப் பிளாஸ்டிக் மூடியும் கையோடு கழன்று வந்துவிட்டது.

 வங்கி மெஷினை உடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். அந்த மெஷின் என்ன விலையோ, எங்கே கையெழுத்துப் போடச் சொல்வார்களோ. தலைக்கு மேலே கேமரா வேறு. ஒரு கணம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அப்புறம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஓரமெல்லாம் பசை தடவினார், பொருத்தினார், கட்டைவிரலால் அழுத்தினார், வழிந்ததைச் சட்டை நுனியால் துடைத்தார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பயம் போன இடத்தில் கொஞ்சம் பெருமையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெளியே வந்தால் அக்கா படியேறப் போகிறாள். வாய் சும்மா இருக்குமா? கார்டு போடுகிற இடம் கழன்று வந்தது, ஒட்டிவிட்டேன், இனி நம் ஆயுசுக்கும் அசையாது என்று சொன்னார். ரத்தப் பரிசோதனைக்குப் பணம் எடுக்க வேண்டியிருந்தது அக்காவுக்கு. அதையும் இப்போதே முடித்துவிடுகிறேன் என்று நேரே உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலரும் போனார்கள், வந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகு எதிர் சலூன்காரர் நாற்காலிக் கைப்பிடி ஆடுகிறது என்று கூப்பிட்டார். பசை அண்ணன் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்க, வாடிக்கையாளர் இல்லாத சலூன்காரர் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தார். படிக்கிற செய்திக்கெல்லாம் ராகம் போட்டுக் கருத்துச் சொல்வது அவர் வழக்கம்.

"இதக் கேளுங்க. கார்டு போடற இடத்துக்கு மேல, அச்சு அசலா அதே மாதிரி ஒரு மூடி செஞ்சு மாட்டிடறாங்களாம். நாம கார்டு போட்டா அதுல இருக்கறதயெல்லாம் அது காப்பி எடுத்துக்குதாம். நாம அடிக்கிற நம்பரைப் பாக்க மேல ஒரு பொட்டுக் கேமராவாம். ரெண்டும் கெடச்சா கணக்கையே துடைச்சு எடுத்துடுவாங்களாம். அதனால போடறதுக்கு முன்னாடி ஆட்டிப் பாக்கணுமாம். ஆடுச்சுன்னா தொடக் கூடாதாம்."

பசை அண்ணன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். அதே வளைவு, அதே பச்சை.  ஆட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். இவர் ஆட்டவே இல்லை, திருடனே கையில் வந்து விழுந்தான். அவனை மறுபடி கொண்டுபோய் உட்காரவைத்து, எழுந்து போகாதபடி பசையும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்டவன்கூட இப்படித் தைத்து வைத்திருக்க மாட்டான்.

கைப்பிடியைப் பாதியில் விட்டுவிட்டு மெஷின் அறைக்குப் போனார். இழுத்தார். நகத்தைக் கொடுத்து நெம்பினார். நகம்தான் உடைந்தது. அப்போதுதான் தலைக்கு மேலிருந்த வங்கிக் கேமரா நினைவுக்கு வந்தது. காலையில் ஒட்டுவதும் அவரே, மத்தியானம் பிடுங்குவதும் அவரே. அதைப் பார்க்கிறவன் வேறு யாரைத் தேடுவான்? பேயறைந்த மாதிரி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். அதை வைத்தவன் வருவான், எடுத்துக்கொண்டு போவான். யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த நினைப்பு வந்ததற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அந்த நினைப்போடுதான் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா ஊசியும் நூலுமாக இறங்கி வந்தாள். வாங்கினார். நூல் காதுக்குள் போகவில்லை. மறுபடி விட்டார். ஊசி ஒரு பக்கம் ஆடியது, நூல் ஒரு பக்கம் ஆடியது.

"எனக்குத்தான் கண்ணு தெரியல. உனக்கு என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

அவரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. பெஞ்சின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நம்பரை நான் கையால மறைக்கலடா. பொத்தான் தெரியலன்னு ஒவ்வொண்ணா தேடித் தேடி அடிச்சேன். யாரு பாத்திருந்தாலும் படிச்சிருப்பாங்க."

கார்டை முடக்கச் சொல்லிக் கார்டின் பின்னாலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். பாட்டுத்தான் வந்தது. நடுநடுவே காத்திருக்கச் சொன்னது ஒரு குரல். அக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டு படியோரம் நின்றாள். பசை அண்ணன் தன் போனில், மெஷின் அறைக் கதவில் போட்டிருந்த இன்னொரு எண்ணுக்கு அடித்தார். உடனே எடுத்தார்கள். அங்கே கார்டை முடக்க முடியாதாம், மெஷின் புகார் மட்டும்தானாம். கிளை அடுத்த தெருவில்தான், ஆள் வருகிறது, அதுவரை யாரையும் உள்ளே விட வேண்டாம், அதைத் தொடவும் வேண்டாம் என்றார்கள். போனை வைக்கப் போனார்கள்.

"சார், இன்னொண்ணு," என்றார் பசை அண்ணன்.  "அதை ஒட்டினது நான்தான்."

 பெயரையும் விலாசத்தையும் கேட்டார்கள். கொடுத்தார்.

ஓர் அட்டையில் 'மெஷின் வேலை செய்யாது' என்று எழுதி, முக்காலிமேல் சாய்த்து வாசலில் வைத்தார். வந்தவர்கள் படித்துவிட்டு, முணுமுணுத்துவிட்டுத் திரும்பினார்கள். ஒருவன் மட்டும் திரும்பவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஆபீஸ் பை, பார்த்தால் வங்கி அதிகாரி என்று எழுந்து நிற்கத் தோன்றும். முக்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். கண்ணாடி வழியாக அவன் முழங்கை மட்டும் தெரிந்தது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. பணம் எடுக்க வந்தவனுக்கு அங்கே இழுக்க என்ன இருக்கிறது?

இவன்தான் அவன் என்று பசை அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவன் வெளியே வந்தான். நேராகப் பெஞ்சுக்கே வந்தான்.

"அண்ணே, மெல்லிசா பிளேடு ஏதாவது இருக்குமா? கார்டு உள்ள மாட்டிக்கிச்சு."

பிளேடுகள் அவன் கண் முன்னாலேயே கிடந்தன. கொடுத்தால் மூடி போய்விடும். அதோடு ஆபரேஷன் பணமும், அக்காவின் கண்ணும் போய்விடும். படியோரத்தில் அவள் காதில் இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பிளேடு விட்டா கார்டு கீறிடும் தம்பி," என்றார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "மெல்லிசா ஒரு தகடு இருக்கு. இருங்க, தேடித் தர்றேன்."

முதல் மரப்பெட்டியைத் திறந்தார். ஜிப் சுருள்களை எடுத்து வைத்தார். சக்கரங்களை எடுத்து வைத்தார். குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டாவது பெட்டியையும் திறந்தார். இல்லாத தகட்டை இவ்வளவு சிரத்தையாக யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அவன் வாசலைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தான். பெஞ்சில் கிடந்த கத்தரிக்கோலைத் தானே எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனான்.

பிளாஸ்டிக் கிறீச்சிடுவது வெளியே கேட்டது. பசை அண்ணன் பெட்டிக்குள் விட்ட கையை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார். காலையிலிருந்து எந்த ஒட்டைச் சபித்துக்கொண்டிருந்தாரோ அதையே இப்போது விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வங்கி ஆளும், அவர் கூட்டிவந்த போலீஸ்காரர் ஒருவரும் பெண் போலீஸ் அதிகாரி ஒருவரும் வந்தபோது கத்தரிக்கோலின் முனை உடைந்து கிடந்தது. மூடி இருந்த இடத்தில் இருந்தது. அவன் கார்டு மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தான். கார்டைக் காட்டச் சொன்னார்கள். அவனிடம் ஒரு கட்டே இருந்தது, எதிலும் பேர் இல்லை.

மூடியை அசைத்துப் பார்த்த அந்தப் பெண் அதிகாரி வெளியே வந்து, இதை இப்படி ஒட்டியது யார் என்று கேட்டார். பசை அண்ணன் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"என் தம்பிங்க," என்றாள் அக்கா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "மெஷினை உடைச்சிட்டோம்னு பயந்து ஒட்டிட்டான். அவன் ஒட்டலன்னா இந்த ஆளு எப்பவோ எடுத்துட்டுப் போயிருப்பான்."

அப்போது பாட்டு நின்றது. யாரோ என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா போனைத் தம்பியிடம் நீட்டி, கார்டையும் நீட்டினாள். அவர் ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். கார்டு முடக்கப்பட்டது, கணக்கில் எதுவும் குறையவில்லை என்று சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பசை அண்ணன் கார்டையும், அன்று அதில் போட்ட மற்றவர்கள் கார்டையும் வங்கி ஆளே முடக்கவைத்தார். ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போய் வர வேண்டியிருந்தது. கேமராப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். முந்தின நாள் அந்தச் சட்டைக்காரன் வந்து மாட்டுவதும் இருந்தது, மறுநாள் பசை அண்ணன் குழந்தைக்கு மருந்து தடவுவதுபோல் ஓரம் ஓரமாகத் தடவி, சட்டை நுனியால் துடைப்பதும் இருந்தது. பெண் அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனி எது கழன்று வந்தாலும் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை அக்கா ஊசியும் நூலுமாக இறங்கி வந்தாள். நீட்டினாள்.  முதல் தடவை நூல் விலகிப் போனது. நுனியை நாக்கில் ஈரப்படுத்தி மறுபடி விட்டார், நுழைந்தது. முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

அக்கா ஊசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். ஒன்றும் தெரிந்திருக்காது. நூலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

"என்ன பாக்குற?" என்றார்.

"ஆடுதான்னு பாக்குறேன்," என்றாள். "ஆடல." பிறகு கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள்.