வெங்காய வண்டியின் இருமல்

“...மத்தபடி அவுக குரல் அப்படியே இருக்கட்டும் தம்பி. அந்த இருமல மட்டும் எடுத்துருங்க.”

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திண்டுக்கல் நத்தம் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்று இப்படிச் சொன்னவர், மொபெட்டில் வெங்காயம் விற்க வரும் அக்கா. வண்டியில் கட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “சின்ன வெங்காயம், பூண்டு, உருளக்கெழங்கு...” என்று அதில் கூவுவது அவருடைய கணவர். சளி என்று நினைத்தது நுரையீரல் புற்றாக இருந்து, அவர் போய்ச் சேர்ந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. வியாபாரத்தை அக்கா எடுத்துக்கொண்டார். கூவும் வேலை மட்டும் இன்னும் கணவரிடமே இருந்தது.

பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில் ஒரு இருமல் வரும். வீட்டில் வைத்துப் பதிவு செய்தபோதே விழுந்தது. எங்கள் தெருவில் அது பிரசித்தம். “பூண்டு இருமிருச்சு, பையத் தூக்கிட்டு ஓடு” என்பார்கள். அந்த அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். இருமல் இல்லாமல் மாற்றிப் பதிந்தால், வந்திருப்பது நான்தான் என்று யாருக்குத் தெரியும் என்பார்.

“ஊருக்கே கேட்டுருக்கு தம்பி அந்த இருமல். எனக்குத்தான் அப்ப காதுல விழல” என்றார் அக்கா.

நான் பேட்டரிக் கடையில் வேலை பார்ப்பவன். எலெக்ட்ரானிக்ஸ் எனக்குப் பொழுதுபோக்கு. வீடியோ பார்த்தும் சர்க்யூட்டைக் கருக்கியும் நானாகக் கற்றுக்கொண்டதுதான். என்னிடம் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி உண்டு. லேப்டாப்பில் செருகினால் அது ஆஸிலோஸ்கோப் ஆகிவிடும். கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் திரையில் அலையாகக் காட்டும்.

ஒலிபெருக்கி கரகரக்கவும் செய்ததால் முதலில் அதைப் பார்த்தேன். குரல் பதிந்திருந்த சிப்பில் அலை சுத்தமாக இருந்தது. அதைப் பெருக்கும் இடத்தில்தான் சிதைந்தது. உப்பிப்போன ஒரு கெப்பாசிட்டரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

பிறகு குரலைத் திரையில் ஓடவிட்டேன். வெங்காயம் ஒரு மேடு, பூண்டு ஒரு மேடு. அடுத்து செங்குத்தாக எழுந்து விழுந்தது இருமல். நான் சொல்வதற்கு முன்பே அக்கா அதன்மேல் விரலை வைத்தார். எங்கே வெட்டலாம் என்று பார்க்க அலையைப் பெரிதாக்கினேன். இருமலுக்குப் பின்னால், சத்தமில்லாமல் நேர்கோடாக இருக்க வேண்டிய இடத்தில், சின்ன நெளிவு. வெறும் இரைச்சல் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரைச்சல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நெளியாது. இதுவோ, பதிவு திரும்ப ஓடும்போதெல்லாம் அதே இடத்தில் அதே வடிவில் வந்தது.

அந்தத் துண்டை மட்டும் கணினியில் ஏற்றி, சத்தத்தைக் கூட்டி, ஹெட்போனில் கேட்டேன். கழற்றி அக்காவிடம் கொடுத்தேன்.

தூரத்திலிருந்து பேசியது அக்காவின் குரல்தான். “செத்த தண்ணி குடிங்க.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். உங்கள் காதிலும் விழுந்துதான் இருக்கிறது அக்கா என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

“தண்ணி குடிங்கன்னுதானே தம்பி சொல்லிருக்கேன். வாங்க, டாக்டரப் பாப்போம்னு சொல்லலியே.”

இருமலை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

“அத எடுத்துட்டா, நான் யாருக்குத் தம்பி தண்ணி குடுக்குறேன்?”

இன்றும் கோளாறு தேடித்தான் அந்தத் திரையைத் திறக்கிறேன். ஆனால் நேர்கோட்டில் ஒரு நெளிவைக் கண்டால், இரைச்சல் என்று சட்டென்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

அன்று பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு அக்கா கிளம்பினார். தெருமுனையில் குரல் எழுந்தது. வெங்காயம், பூண்டு, இருமல். அந்த இடம் வந்ததும் அக்காவின் இடது கை ஹேண்டில்பாரை விட்டு இறங்கி, முன்னால் தொங்கிய தண்ணீர் பாட்டிலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.