பெண் கொடுக்கப் போன வீட்டில் நான் தூக்கிய எச்சில் இலை

நேற்று மதியம், சாப்பிட்ட எச்சில் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இரண்டு குடும்பமும் பார்க்க நடுக்கூடத்தில் நின்றேன் நண்பர்களே!

நின்றது என் வீட்டுக் கூடத்தில் இல்லை. என் மகளைக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிற வீட்டில்!

நடந்தது இதுதான்.

சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு மணமேல்குடிப் பக்கம் ஊரோடு வந்துவிட்டேன். (இனிமேல் விசா கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்!)

பையன் வீட்டார் ஏற்கெனவே வந்து பெண் பார்த்துவிட்டார்கள். பதிலுக்கு நாங்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். குன்றாண்டார்கோவில் பக்கம்.

கிளம்பும்போது மகள் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு அவங்களப் புடிச்சிருக்கு. அங்க போயி ஏடாகூடமா எதுவும் பண்ணிராதீங்கப்பா."

"நான் என்னாத்தா பண்ணப் போறேன்?"

"அன்னைக்கு டீக்கடையில கிளாஸக் கழுவி வச்சீங்கள்ல? அந்த மாதிரி."

வேனில் ஏறியதும் மனைவி ஆரம்பித்தாள். "ஏங்க, நீங்க வாயத் தொறக்காதீங்க. எல்லாத்தையும் தம்பி பேசிக்கிருவான்." தம்பி என்றால் என் மச்சினன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவே இல்லை. கைதான் காரியத்தைக் கெடுத்தது!

பேச்சு நல்லபடியாக முடிந்தது. பையனின் அப்பா எழுந்து, "அப்பறம் என்னங்க, கை நனைக்கலாம்ல?" என்றார்.

சம்மதம் இல்லாத வீட்டில் நம்ம பக்கத்தில் கை நனைக்க மாட்டோம். ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

சாப்பிட்டேன். வடை, பாயசம் எல்லாம் பிரமாதம். வயிறு நிறைந்தது. மனசும் நிறைந்தது. மூளை மட்டும் சிங்கப்பூருக்குப் போய்விட்டது!

அங்கே சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு முடித்தால், நம்ம டிரேயை நாமே கொண்டுபோய் அதற்கென்று இருக்கும் அலமாரியில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பைன், அதாவது அபராதம்! செய்து செய்து பழகி, கடைசி வாய் உள்ளே இறங்கியதும் கை தானாகத் தூக்கும்.

தூக்கிவிட்டது!

எழுந்து இங்கிட்டும் அங்கிட்டும் பார்க்கிறேன், அலமாரி எங்கே? (கூடத்தில் இருந்த ஒரே அலமாரியில் சாமி படம் இருந்தது.)

பந்தி அப்படியே உறைந்துவிட்டது.

மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் முன் எழுந்தது ஒரு தப்பு. விருந்தாளி தன் இலையைத் தானே எடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. 'நீங்க என்னைய மதிக்கலை' என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி!

பையனின் அப்பா சாம்பார்க் கையோடு பதறி எழுந்தார். "என்னங்க இது! எலைய நீங்க எடுக்குறதா? எங்க ஆளுக யாரும் ஏதும் சொல்லிட்டாங்களா?"

பையனின் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "ஏண்ணே, சாப்பாட்டுல ஏதும் கொறையாண்ணே?" குரல் உடைந்துவிட்டது அந்த அம்மாவுக்கு.

மச்சினன் பல்லைக் கடித்தான். "மச்சான், ஒக்காருங்க மச்சான்... மானத்த வாங்காதீங்க."

அடுப்படி வாசலில் மனைவி. ஏர்போர்ட் ஸ்கேனர்கூட என்னை அப்படி ஊடுருவிப் பார்த்ததில்லை!

பரிமாறியவர் இலையைப் பிடுங்கினார். கூச்சத்தில் நான் விடவில்லை. அவர் இழுக்க, நான் இழுக்க, இலை கிழிந்து, நான் சப்பிப் போட்ட முருங்கைக்காய் பையனின் அப்பா காலில் போய் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே மகள், அவளுக்கு என்ன சொல்வது?

அப்போது எதிர்வரிசையில் பையன் எழுந்தான். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நீ எங்கடா போற?" என்றார் அவன் அப்பா.

"எலையப் போடத்தாம்ப்பா. மாமாவுக்கு எடம் தெரியாதுல்ல."

அந்த அம்மா சிரித்தார் பாருங்கள்!

"ஆத்தாடி! சாப்புட்ட தட்ட ஒருநா நகத்தி வச்சிருப்பானா இவன்? அண்ணே, நீங்க மாசம் ஒருக்கா வந்துட்டுப் போங்கண்ணே!"

கூடமே சிரித்தது. பையனின் அப்பா காலில் கிடந்த முருங்கைக்காயைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அதற்கப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. "பழக்கதோஷங்க..." என்று டிரே கதையைச் சொன்னேன். (மனைவியின் உத்தரவை மீறி!)

பையன் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு மாடு கட்டிக் கிடந்தது.

"இதாங்க மாமா எங்க வீட்டு அலமாரி."

கிழிந்த என் இலையையும் சேர்த்து இரண்டையும் போட்டோம். மாடு பைன் எதுவும் போடாமல் வாங்கிக்கொண்டது.

"நெசமாவே எடுக்கலேன்னா பைன் போடுவாங்களா மாமா?"

"ஆமா தம்பி, போடுவாங்க."

"மெதுவாச் சொல்லுங்க. எங்கம்மா காதுல விழுந்துரப் போவுது!"

கூடத்திலிருந்து மச்சினன் குரல் கேட்டது. "தையில வச்சுக்கிருவமா, மாசியா?" யாரோ காலண்டரைப் புரட்டினார்கள்.

அப்பாடா! அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் ஒழுங்காக மூச்சே வந்தது.

பையன் சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினான். தன் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் கழுவவில்லை.

"போதும் தம்பி," என்றேன்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்வரை பெண்ணைப் பெற்றவன் முறை சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது நம்ம பக்கத்து வழக்கம். அதனால் தொண்டைவரை வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

'போதும் மாப்ள. மொதல்ல நீங்க போயி சாப்புடுங்க.'