கழக்கூட்டத்தில் அக்கா பரிமாறிய மதியம்

போன ஞாயிற்றுக்கிழமை கழக்கூட்டத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் உணவகத்துக்குப் போய்வந்தோம். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், விலை எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குப் பரிமாறியவள் என் சொந்த அக்கா. நான் அவள் பக்கம் சாய்ந்து எழுதுவேன் என்று நினைப்பீர்கள். முடிந்தவரை நேராக எழுதுகிறேன்.

அக்காவின் பெயர் இசக்கியம்மாள். கேட்டரிங் டிப்ளமா முடித்துவிட்டு அங்கே மூன்று மாதமாகப் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி முடியும்போது வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேனேஜர் முடிவு செய்வார். அதற்கு முன் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியில் இருப்பவர் தன் குடும்பத்தை ஒருவேளை சாப்பிட அழைக்க வேண்டும். பாதி விலைதான். ஆனால் அவரே பரிமாற வேண்டும். அப்பா, அம்மா என்று கூப்பிடக் கூடாது. மேனேஜர் நின்று பார்ப்பார். எங்களுக்குச் சாப்பாடு, அக்காவுக்குப் பரீட்சை.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் விற்பனையாளர். எங்கள் லைன் வீடுகளில் யாராவது அக்காவைப் பற்றிக் கேட்டால், கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள் என்பார். கழக்கூட்டம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த இடம், அதனால் அப்படி ஒரு கம்பெனி என்று கேட்டவர்களே நினைத்துக்கொள்வார்கள். அப்பா திருத்த மாட்டார். பெண்பிள்ளை ஹோட்டலில் தட்டு எடுக்கிறாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

அக்கா காலை எட்டரைக்கே போய்விட்டாள். அப்பா, அம்மா, நான் மூவரும் கிழக்கேகோட்டையில் 11.10 பஸ் ஏறினோம். ஆளுக்கு ஒன்பது ரூபாய், சுமார் பதினாறு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைதானே, கூட்டம் இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள். நாங்கள் கேசவதாசபுரம் வரை நின்றுகொண்டுதான் போனோம். ஸ்ரீகார்யம் தாண்டியதும் சாலையோரம் முழுவதும் புது ஃபிளாட்டுகள், 'லேடீஸ் ஹாஸ்டல்' பலகைகள். 12.05-க்கு இறங்கி எட்டு நிமிடம் நடந்தோம்.

உணவகம் முதல் மாடியில். கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே குளிர். ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு மஞ்சள் விளக்கு தொங்குகிறது, நண்பகலிலும் எரிகிறது. விடுமுறை நாளிலும் கழுத்தில் அடையாள அட்டையோடு பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா உட்கார்ந்த உடனே தட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியில் உள்ள முத்திரையைப் பார்த்தார். "நல்ல சாமான்தான்" என்றார். அவர் எங்கே போனாலும் இதைச் செய்வார். யாரும் பார்க்கிறார்களா என்று நான்தான் சுற்றிலும் பார்த்தேன்.

அக்கா வந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், கொண்டை. நெஞ்சில் 'இசக்கி' என்று பெயர்ப்பட்டை. வேறு ஏதாவது ஸ்டைலான பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே சொல்லிப் பார்த்தார்களாம். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். அப்பாவை 'சார்' என்று ஆங்கிலத்தில் வரவேற்றாள். என்னை 'மேடம்' என்றாள். அன்று காலையில்தான் சீப்புக்காக என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா முகம் அசையவே இல்லை.

இனி சாப்பாடு. தக்காளி சூப் 55 ரூபாய், அருமை. தேங்காய்ப்பால் புலாவ் 110. மணம் இருந்தது, உப்பு இல்லை. லைம் ஜூஸ் 40. பாதி டம்ளர் ஐஸ். முக்கியமானது வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் என்ற காயல் மீன், 160. கறுப்புக் கல் பலகையில் வைத்துக் கொடுத்தார்கள். பார்க்க மிக அழகு. அப்பா இலையைப் பிரித்து ஒரு வாய் எடுத்தார். முள்ளை ஒட்டிய சதை வேகாமல் இளஞ்சிவப்பாக இருந்தது. எனக்கே தெரிந்தது.

அக்கா அருகில் வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மேனேஜர் தூணருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நல்லாருக்கும்மா" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே இலையை மீன்மேல் மடித்து மூடினார், பந்தியில் வயிறார உண்டவர்கள் மடிப்பதுபோல. குறை சொன்னால் அக்காவுக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயம்.

ஆனால் அக்காவுக்கு அப்பாவைத் தெரியும். எங்கள் வீட்டில் அவர் மீன் சாப்பிட்ட தட்டைப் பூனைகூட ஏறிட்டுப் பார்க்காது. அப்படிப்பட்டவர் ஒரே வாயில் இலையை மூடுவாரா? அவள் குனிந்து ஸ்பூனாலும் ஃபோர்க்காலும் இலையைத் திறந்தாள்.

"சார், இது வேகல. மாத்திக் கொண்டு வாரேன்."

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விடுட்டி. மேனேஜர் பாக்காரு."

"பாக்கட்டும் சார்."

பலகையோடு உள்ளே போனாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் மலையாளத்தில் கோபமாக எழுந்தது. பயிற்சிப் பெண்கள் தட்டைத் திருப்பிக் கொண்டுபோனால் தலைமைச் சமையல்காரர் கத்துவார் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். அக்காவின் குரலும் கேட்டது, உயராமல், நிற்காமல். அம்மா புலாவைத் தொடவே இல்லை. இருபத்திரண்டு நிமிடம் ஆனது. சுவர்க் கடிகாரம் என் எதிரில்தான் இருந்தது.

புது மீன் வந்தது. அக்காவின் காது மடல் சிவந்திருந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, இலையைத் தானே பிரித்து, வெந்திருப்பதை அப்பாவுக்குக் காட்டிவிட்டு நகர்ந்தாள். அப்பா முள் மட்டும் மிஞ்சும்வரை சாப்பிட்டார். இலையை மடிக்கவில்லை.

கடைசியில் மேனேஜர் வந்து எல்லாம் எப்படி என்று விசாரித்தார். இருபது வருடமாகப் பாத்திரம் விற்கும் அப்பா எந்தப் பொருளையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அன்று சொன்னார்: "சாப்பாடு சுமார்தான் சார். மொத மீனு வேகல. புலாவுல உப்பில்ல. ஆனா பரிமாறுன பிள்ளை மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது." மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ் 3.20-க்கு. அதில் எங்கள் லைனில் குடியிருக்கும் பாபு சேட்டன் இருந்தார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் அண்ணாச்சி என்று கேட்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியதைப் பார்த்து, வழக்கமான பதில்தான் என்று நினைத்தேன்.

"மூத்தவ வேலை பாக்கிற ஹோட்டலுக்கு. அவதான் பரிமாறினா."

"கம்பெனி எந்நல்லே பறஞ்சது?" கம்பெனி என்றுதானே சொன்னீர்கள் என்று அவருக்குக் குழப்பம்.

"ஹோட்டல்தான் பாபு. கேளு, இன்னைக்கு ஒரு மீனை என்ன செஞ்சா தெரியுமா..." பாளையம் வரும்வரை அப்பா கையாலேயே இலையை மூடியும் திறந்தும் காட்டிக்கொண்டு வந்தார். முன் சீட்டுக்காரரும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

புதன்கிழமை அக்கா வேலைக் கடிதத்தோடு வந்தாள். அப்பா அதைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகுதான் படித்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஒரு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு இடம் கிடைக்காது. குளிர் தாங்காதவர்கள் சால்வை எடுத்துச் செல்லுங்கள். எங்களைப் போல் புலாவும் மீனும் ஒவ்வொன்று மட்டும் வாங்கினாலும், முழு விலை கொடுத்தால் மூன்று பேருக்கு அறுநூறு ரூபாய் ஆகும். அந்த விலைக்கு உணவு இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நேர்மையான கருத்து. சூப் கட்டாயம் சாப்பிடுங்கள். 'இசக்கி' என்று பெயர்ப்பட்டை குத்தியிருப்பவளின் மேசையைக் கேட்டு உட்காருங்கள். மீன் வேகவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.