ஐந்தரை மணி மோட்டாரும் மிஸ்டர் செல்வினும்

மிஸ்டர் செல்வின் துரைராஜ் இறந்த செய்தி ஐந்தாம் நாள்தான் எனக்கு வந்தது. பழைய அலுவலகத்தில் வரவேற்பில் இருந்த பெண் கைபேசிக்கு ஒரு இணைப்பை அனுப்பியிருந்தாள். கூடவே கும்பிடும் கைகள் இரண்டு. தொட்டதும் நாங்கள் வேலை பார்த்த மக்கள் தொடர்பு நிறுவனத்தின் வலைப்பதிவு திறந்தது. அதற்குள் ஹைதராபாத் உப்பலில் அடக்கமும் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் மனைவியிடம் என் எண் இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற ஒரு கிழவிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

அந்த ஆங்கில அஞ்சலிக் குறிப்பை மூன்று முறை படித்தேன். தொலைநோக்காளர், ஈடு செய்ய முடியாத இழப்பு, எங்கள் குடும்பத்தின் தூண். துரைராஜ் என்ற பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நிர்வாகக் குழு’ என்று இருந்தது. அதற்குக் கீழே, பின்னூட்டங்கள் மூடப்பட்டுள்ளன என்று ஒரு வரி.

அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்தவள் நம் தமிழ்ப் பெண்தான். பேச்சு மட்டும் பாதி ஆங்கிலம்.

“ஆன்ட்டி, அது பாலிசி. கமெண்ட்ஸ் எப்பவும் ஆஃப்லதான் இருக்கும்.”

“சரிம்மா. அதை எழுதினது யாரு?”

“டீம், ஆன்ட்டி.”

“டீமுக்குக் கை இருக்கா? எழுதின ஆளோட பேர் என்ன?”

“ஒன் மினிட், ஹோல்டு பண்ணுங்க ஆன்ட்டி.”

இசை வந்தது. முடியும்வரை கேட்டுவிட்டு வைத்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்தில் அவரை எல்லோருக்கும் தெரியும். பொங்கல் விழாவில் ஒலிபெருக்கி கத்தும்போது மேடைக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற கட்டை மனிதர் அவர்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வருடம் ஹைதராபாத்தில் இருந்தும் ஊர்ப்பேச்சில் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அவருடைய அலுவலக வாழ்வில் நடந்த ஒன்றை நீங்கள் அறிய வாய்ப்பில்லை. அதை அறிந்தவர்களில் பேசக்கூடியவள் இப்போது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

பேகம்பேட்டையில் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே ஆங்கிலம் திருத்துவது என் வேலை. சிகந்தராபாத்தில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். ஓரம் விடாத தாளைப் பார்த்தால் இன்றைக்கும் கை பரபரக்கும். வெளியே போகும் ஒவ்வொரு செய்திக்குறிப்பிலும் எழுதியவர், திருத்தியவர், வாடிக்கையாளர் என்று மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவதோடு ‘ஒப்புதல்’ முத்திரையும் விழ வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நாள் மிஸ்டர் செல்வின் வந்து, இனிமேல் கம்பெனி முதலாளிகள் வாரம் ஒரு முறை வலைப்பதிவு எழுதுவார்கள் என்றார்.

“எழுதுவார்களா?” என்று கேட்டேன்.

“நீங்க எழுதுவிய மேடம். அவிய பேர்ல.”

“நக்கோ மிஸ்டர் செல்வின். தெருவுல நின்னு பேசுறதையெல்லாம் நான் எழுதமாட்டேன்.”

கோபம் வந்தால் என் வாயில் வேண்டாம் என்பதற்குப் பதில் ஹைதராபாத் நக்கோ வந்துவிடும். கான்வென்டில் அதற்காகவே பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறார்கள். மிஸ்டர் செல்வின் பக்கத்து மேசையைப் பார்த்து, “மேடம் நக்கோன்னுட்டாவ. அப்ப திங்கக்கிழமை எழுதிருவாவ” என்றார். திங்கட்கிழமை எழுதினேன்.

அவர் எழுதும் ஆங்கிலத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் விடுவதே மரியாதை. பத்து மணி அலுவலகத்துக்குப் பத்தேகாலுக்கு வருவார், விசைப்பலகை மேல் முறுக்கு தின்பார். ஆனால் வாசிப்பவர்கள் எழுதும் பின்னூட்டத்தில் யாரையும் கைவைக்க விடமாட்டார். “பாராட்டை அழிச்சாலும் அழிங்க, திட்டை அழிக்காதிய. திட்டுதவன்தான் முழுசாப் படிச்சிருக்கான்” என்பார். வாடிக்கையாளர்கள் இதைக் கேட்டு அரண்டார்கள்.

என் கணவர் இறந்தது அந்த வருடத்து மழைக்காலத்தில். பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். துக்கம் விசாரிக்க யாரும் என் மேசைக்கு வரவில்லை. வரும்படியாக நான் முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. நாச்சாரத்தில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றின் சேர்மனுக்கு அந்த வாரப் பதிவு எழுத வேண்டியிருந்தது. மிஸ்டர் செல்வின் ஊருக்குப் போயிருந்தார். நான் எழுதினேன்.

மாரேட்பள்ளியில் எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். கீழ்த் தொட்டியிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற தினமும் காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவது என் கணவர்தான். யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை, யாரும் நன்றி சொன்னதும் இல்லை. அவர் போன மூன்றாம் நாள் காலையில் ஆறு வீட்டிலும் குழாயில் காற்றுதான் வந்தது. வாளியோடு படிக்கட்டில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்கள். மறுநாள் ஐந்தரைக்கு நானே கீழே போய் சுவிட்சைப் போட்டேன். அந்தச் சத்தத்துக்குத்தான் இத்தனை வருடம் நான் கண்விழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதைத்தான் பம்ப் கம்பெனி சேர்மனின் பதிவில் கடைசிப் பத்தியாக வைத்தேன். பதிவு அவர் பெயரில் வருவது, ஆகவே கணவர் என்ற இடத்தில் மனைவி என்று மாற்றினேன். தாள் நாச்சாரத்துக்குப் போய் முத்திரையோடு திரும்பி வந்தது. பதிவு வெளியானது.

மூன்று நாளில் நாற்பது பேர் சேர்மனுக்கு ஆறுதல் எழுதிவிட்டார்கள். விற்பனையாளர்கள், கல்லூரி மாணவர்கள், யார் யாரோ. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் எழுதியது வரிக்கு வரி நினைவிருக்கிறது: “ஐயா, எங்கள் வீட்டிலும் அவள்தான் மோட்டார் போடுவாள். இப்போது நான் மறந்துவிடுகிறேன். மாடி வீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள்.”

நான்காம் நாள் தொலைபேசி அடித்தது. எடுத்தது நான். மறுமுனையில் ஓர் அம்மாள்.

“நேனு இங்கா பதிகே உன்னானண்டி!”

நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்றார், சேர்மனின் மனைவி. காலையிலிருந்து நான்கு பேர் மாலையோடு வந்து போய்விட்டார்களாம்.

சேர்மன் ஒரு பதிவையும் படித்ததே இல்லை என்பது அன்று தெரிந்தது. எங்கள் மேனேஜிங் டைரக்டர் பதிவை உடனே நீக்கச் சொன்னார். எழுதியவரையும் நீக்குவோம் என்றார். நான் எழுந்து நின்று, அது உதாரணத்துக்காகக் கற்பனையாக எழுதியது, வாடிக்கையாளர் படித்து அந்தப் பத்தியை அடித்திருக்க வேண்டும் என்றேன். என் குரல் சற்றும் நடுங்கவில்லை. அதில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

அன்று காலைதான் ஊரிலிருந்து வந்திருந்த மிஸ்டர் செல்வின், “அழிக்கக் கூடாது சார்” என்றார். “நாப்பது பேரு வந்து ஆறுதல் சொல்லியிருக்காவ. அழிச்சா அத்தனை பேரு மூஞ்சிலயும் கதவைச் சாத்துன மாதிரி. நான் நாச்சாரம் போய்ப் பேசிட்டு வாறேன். மேடமும் வரட்டும்.”

ஆட்டோ தார்நாகாவைத் தாண்டியது. மிஸ்டர் செல்வின் கேட்டார்:

“கற்பனையா மேடம்?”

“கற்பனைதான்.”

“சரி.”

தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்மனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அந்த அம்மாள் பதிவின் அச்சுத் தாளை மேசை மேல் வைத்து, இதை எழுதியது யார் என்று தெலுங்கில் கேட்டார். மிஸ்டர் செல்வின் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். பேசியே பிழைப்பவர் அவர். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சுவரில் இருந்த பம்ப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்துக்காக அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

“நான்தான்,” என்றேன். “மிஸஸ் ராகவன்.”

“அதி மீ வாரி பேரு கதா,” என்றார் அந்த அம்மாள். அது உங்கள் கணவர் பெயர்தானே. “மீ பேரு?”

பதினான்கு வருடமாக அந்த அலுவலகத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. லலிதா என்றேன். பிறகு, கேட்காமலே, மோட்டார் போட்டவர் என் கணவர், அவர் போய் ஒரு மாதம் ஆகிறது என்றும் சொன்னேன்.

இப்போது மோட்டார் யார் போடுகிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் தன் பக்கத்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“உஞ்சண்டி. தீயொத்து.” இருக்கட்டும், எடுக்க வேண்டாம்.

சேர்மன் பதறிவிட்டார். உண்மையைப் போட்டால் தான் எழுதுவதில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்றார். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பள்ளிக்கூடத்தில் இவருக்குக் கட்டுரை எழுதித் தந்ததே அண்ணன்தான் என்று என் மாமியார் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார்” என்றார். மிஸ்டர் செல்வின் அப்போதுதான் பம்ப் படத்திலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்தார்.

திரும்பும்போது ஆட்டோவில், “லலிதாவா மேடம்? நல்லாத்தான இருக்கு. எதுக்கு ஒளிச்சு வச்சிருந்திய?” என்றார். கொஞ்ச தூரம் போனபின் இன்னொன்று கேட்டார்.

“அவிய அந்தப் பத்தியை அடிச்சிருவாவன்னு நினைச்சு எழுதுனியளா, நாலு பேரு படிக்கட்டும்னு எழுதுனியளா?”

“அடிச்சிடுவார்னு நினைச்சுத்தான்.”

“சரி மேடம்.”

அன்று மாலையே பதிவின் கீழே இரண்டு வாக்கியம் சேர்த்தார்: கடைசிப் பத்தியை எழுதியவர் எங்கள் நிறுவனத்தைச் சேர்ந்த லலிதா. அது அவர் கணவரைப் பற்றியது. அதில் தேவையில்லாத ஒரு கமாவை நான் எடுத்தேன்.

அதன்பிறகு வந்த பின்னூட்டங்கள் எனக்கு வந்தன. கணினித் திரையில் பார்க்கமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்ததால் தாளில் அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். நின்று என் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த ஆசிரியர் மறுபடி எழுதியிருந்தார்: “லலிதா அம்மா, நானும் அலாரம் வைத்துக்கொண்டேன்.”

பம்ப் கம்பெனி இரண்டே மாதத்தில் எங்களை விட்டு வேறு மக்கள் தொடர்பு நிறுவனத்துக்குப் போய்விட்டது. மிஸ்டர் செல்வின் அதற்கெல்லாம் அசரவில்லை. “ஊரானுக்கெல்லாம் குளிக்கச் சொல்லிக் குடுத்துட்டு நாம குளிக்காம இருக்கோம்” என்று மேனேஜிங் டைரக்டரிடம் வாதாடி, எங்கள் நிறுவனத்துக்கே ஒரு வலைப்பதிவு தொடங்கினார். எழுதியவர் பெயர் இல்லாமல் எதுவும் அதில் வராது. பேர் போடாமல் எழுதுவது கதவைத் தட்டிவிட்டு ஓடுவது மாதிரி என்பார். நான் ஏதாவது எழுதி முடித்தால் அறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும்: “பேர் போட்டியளா மேடம்?” எனக்குக் கூச்சமாக இருக்கும். போட்டேன் என்று கையை மட்டும் உயர்த்துவேன்.

இப்போது அஞ்சலிக் குறிப்பு வந்திருப்பது அந்த வலைப்பதிவில்தான்.

நான் ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் சேர்ந்து ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். மிஸ்டர் செல்வின் தனியாக ஒரு பழுப்பு உறையைத் தந்தார். “இது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். நாச்சாரம் போன அன்னைக்கே ஃபைல்ல இருந்து எடுத்துட்டேன்.” வீட்டுக்கு வந்து பிரித்தேன். உள்ளே இருந்தது அந்தப் பதிவின் திருத்தத் தாள். கடைசிப் பத்தியைத் தட்டச்சுப் பெண் பென்சிலால் வட்டமிட்டு, இது வேண்டுமா என்று கேட்டிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில், என் கையெழுத்தில், ‘இருக்கட்டும்’ என்று இருந்தது. கீழே இரண்டு கோடு.

நாச்சாரம் போகும் வழியில் கற்பனையா என்று கேட்டபோதே இந்தத் தாள் அவர் பையில் இருந்திருக்கிறது. மேனேஜிங் டைரக்டரிடம் காட்டியிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும். என்னிடம் காட்டியிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன். இரண்டையும் செய்யாமல் ‘சரி’ என்றார், இரண்டு முறை. உறையைப் பிரித்த பிறகாவது நான் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புது வருடத்துக்கு அவர்தான் தொலைபேசி செய்வார், உடம்பு எப்படி என்று நான் கேட்பேன், அவர் கேட்பார், முடிந்துவிடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வருடக்கணக்காக விட்டேன். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். முன்னால் போவார் என்று கணக்குப் போடவில்லை.

எங்கள் கட்டடத்தில் இப்போது தானியங்கி மோட்டார். தொட்டி காலியானால் தானே ஓடுகிறது, நிறைந்தால் தானே நிற்கிறது. யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை. நான் மட்டும் ஐந்தரைக்கு விழித்துவிடுகிறேன். மகன் வெளிநாட்டிலிருந்து அழைத்தால் அம்மா என்பான், கட்டடத்தில் ஆன்ட்டி என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. மிஸ்டர் செல்வினும் கூப்பிட்டதில்லைதான், ஆனால் அவருக்குத் தெரியும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள். அதில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. அதைப் பத்திரமாக வைத்திருந்த கை அவருடையது. உப்பலுக்குப் போய் அவர் மனைவியைப் பார்க்கும்போது எடுத்துப் போவேன். ஆட்டோவில் அவர் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். சரியான பதிலை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்தின் இந்த இதழில் யாரும் எதையும் மூடி வைக்கவில்லை.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன், மிஸ்டர் செல்வின்.

பேர் போட்டிருக்கிறேன்.

லலிதா