வரைபடத்தில் ஒரு கறுப்புக் கோடு

ஜியாலஜி படிக்கிறவளிடம் கேட்க நம்ம ஊரில் இரண்டே கேள்விதான்: தண்ணி எங்க இருக்கு, தங்கம் எங்க இருக்கு. இரண்டுக்கும் தெரியாது என்று சொன்னால், "அப்ப அஞ்சு வருஷமா என்னத்தைப் படிச்ச?" என்று மூன்றாவதாக ஒன்று வரும். சுத்தியலும் சாக்குப்பையுமாக வெயிலில் அலைந்து, முட்டியில் தழும்பு வாங்கி, கல் மூட்டையோடு டவுன் பஸ்ஸில் ஏறி கண்டக்டரிடம் திட்டு வாங்கிய என் சக பாவிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

எம்.எஸ்சி. கடைசி வருஷம் ஆளுக்கொரு இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே உள்ள பாறைகளையெல்லாம் நடந்தே பார்த்து, வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும். எனக்கு வீடு திண்டுக்கல். அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டே வேலையை முடிக்கலாம் என்று ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தை எடுத்தேன். வரைபடம் தேறினால் டிகிரி. தேறாவிட்டால் அடுத்த வருஷம் முதலிலிருந்து. கோயம்புத்தூரில் நிலத்தடி நீர் பார்க்கும் ஒரு கம்பெனி, ஜூன் மாசம் டிகிரியோடு வந்தால் வேலை என்று வேறு சொல்லியிருந்தது. நர்ஸிங் படி, பி.எட். படி என்று வீட்டில் எல்லோரும் சொன்னபோது மல்லுக்கு நின்று இதில் சேர்ந்தவள் நான். கோட்டை விட்டால் அப்புறம் வீட்டில் வாயைத் திறக்க முடியாது.

நாக்கும் லென்ஸும்

பாறையை உடைத்ததும் உடைந்த இடத்தில் மாவு மாதிரி தூசி ஒட்டியிருக்கும். கொஞ்சம் ஈரம் பட்டால்தான் உள்ளே இருக்கும் தாது மணிகள் பளிச்சென்று தெரியும். கொண்டுபோன தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். ஆகவே ஜியாலஜிக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நாக்கால் ஒரு தடவு, லென்ஸைக் கண்ணில் ஒட்டி ஒரு பார்வை, நோட்டில் ஒரு வரி. ஒரு நாளைக்கு ஐம்பது கல்லாவது நக்கியிருப்பேன். உப்புச் சப்பில்லாத வேலை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்தில் செவ்வந்தி பறித்துக்கொண்டிருந்த பாண்டியம்மா அக்கா இதை மூன்று நாளாகக் கவனித்திருக்கிறார். நாலாம் நாள் மடியில் நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்து, என்னை நிழலில் உட்கார வைத்தார். சுத்தியலை வாங்கித் தூரமாக வைத்தார். இந்த மாதிரி நேரத்தில் கனம் தூக்கக் கூடாதாம். எந்த மாதிரி நேரம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அக்காவுக்கு ஆர்வம் போல என்று நினைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, படிப்பைப் பற்றியும் கல்லை ஏன் நனைக்கிறோம் என்பதைப் பற்றியும் கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என் முதுகைத் தடவிக் கொடுத்துச் சொன்னார்:

"மூத்தவன் வயித்துல இருக்கையில எனக்கும் சாம்பலும் செங்கலுந்தான் கேட்டுச்சு. வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டியா தாயி?"

சிவப்புப் பெயிண்ட்

எந்தப் பாறையில் கல் எடுக்கிறோமோ அந்தப் பாறையில் பெயிண்டால் ஒரு எண் போட வேண்டும். எடுத்த கல்லிலும் அதே எண். பின்னால் தேடி வர வசதி. கழுத்தில் அடையாள அட்டை, தலையில் தொப்பி, கையில் ஜி.பி.எஸ்., பாறையில் சிவப்பு எண். இதைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்று கல்லூரியில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மார்கழி பிறப்பதற்குள் அந்த ஊருக்கு நாலு வழிச் சாலை வருவது முடிவாகிவிட்டது. கோயிலுக்குக் கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்று டீக்கடையில் இரண்டு கட்சி. ஒருவர் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்ததைப் பாதிச் சுவரோடு நிறுத்திவிட்டார். இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்குச் சுண்ணாம்பு என்று கேட்டாராம்.

அந்த ஊரில் சின்னச்சாமி அண்ணனுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. இருக்கிற சொத்தே அதுதான். தோப்பு வாசலில் என்னை மறித்தார். மரியாதையாகத்தான் மறித்தார். அடையாள அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் படித்து, போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ரோட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, நான் படிக்கிற பிள்ளை என்று எவ்வளவோ சொன்னேன். வேலியைத் தாண்டி ஒரு எட்டு வைக்கக் கூடாது என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது காரணமும் சொன்னார்:

"எங்க மாமனார் ஊர்லயும் மொதல்ல ஸ்டூடண்டுன்னுதான் வந்தாங்க. ஆறு மாசத்துல நடுத்தோட்டத்துல கல்லு நட்டுட்டுப் போயிட்டாங்க."

போகி

அம்மா சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை எடுத்துவந்து வீட்டில் வைத்து விற்கிறவர். வீடு எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், சேலை வாங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. அந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் இரண்டு அரிசிச் சாக்கு நிறையக் கல்லை வைத்துவிட்டு நான் கல்லூரிக்குப் போனது என் தப்புதான். ஒப்புக்கொள்கிறேன். பொங்கலுக்கு வந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் கோலம் போட்டிருந்தது. என் நாற்பத்தாறு கல்லும் மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. தேங்காய் நாரும் பாத்திரத் தூளும் போட்டு, ஒவ்வொன்றாக, மூலை முடுக்கெல்லாம் தேய்த்திருந்தார். ஒரு கல்லிலும் எண் இல்லை. எது எந்தப் பாறையில் எடுத்தது என்று அந்தக் கல்லே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இரண்டு மாச உழைப்பு. அம்மாவுக்கு ஏன் அழுகிறேன் என்றே விளங்கவில்லை. சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம் பிரிச்சும் வச்சிருக்கேன். என்னமோ கிறுக்கியிருந்துச்சு, அம்புட்டும் போயிருச்சு. இப்பப் பாரு, எம்புட்டு லட்சணமா இருக்கு."

கறுப்பு உருண்டைகள்

பரீட்சையெல்லாம் முடிந்து மறுபடி நான் அந்த ஊருக்குப் போனபோது மாசி கடைசி. எங்கள் சார் நேரில் வந்து சரிபார்க்கப் பதினைந்து நாள்தான் இருந்தது. எண் போட்ட பாறைகளில் மறுபடி கல் எடுக்க விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அப்படி ஓடும்போதுதான், சின்னச்சாமி அண்ணன் தோப்பு வேலிக்கு உள்பக்கமாக, ஓடையிலிருந்து வாசல் வரைக்கும் நேர்கோட்டில் கறுப்புப் பாறைகள் உருண்டை உருண்டையாக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தேன். சுற்றிலும் சாம்பல் நிறப் பாறை, நடுவில் இது மட்டும் கறுப்பு. வேலியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய பாறையில் விழுந்த வெடிப்பு வழியாக, உருகிய குழம்பு கீழிருந்து ஏறிவந்து அங்கேயே உறைந்தால், அது கறுப்புச் சுவர் மாதிரி நிற்கும். அதற்கு டைக் என்று பெயர். வெயிலிலும் மழையிலும் அது சிதைந்து, கடைசியில் கறுப்பு உருண்டைகளின் வரிசையாகத்தான் தரையில் தெரியும். முதல் சுற்றில் இது எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று என்னையே திட்டிக்கொண்டேன். குருடி மாதிரி நடந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

சார் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தார். எந்தக் கல்லைக் கண்டாலும் முதலில் உதை. அசைந்தால் அது எங்கிருந்தோ வந்த கல், வரைபடத்தில் போடாதே. அண்ணன் கண்ணில் படாமல் வேலி மூலையில் கையை விட்டு ஒரு சில்லு உடைத்துக்கொண்டேன். காலை விட்டு ஓங்கி உதைத்தேன். கல் அசையவில்லை, என் கட்டைவிரல் நகம்தான் போனது. அப்புறம் என்ன வேண்டும்? வரைபடத்தில் கறுப்புக் கோடு போட்டேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புள்ளிக் கோடாக நீட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் தொழிலில் அனுமதி உண்டு. நான் தாராளமாகவே நீட்டினேன். பாண்டியம்மா அக்கா செவ்வந்திக்கு அடியில், ரேஷன் கடைக்கு அடியில், கோயிலுக்கு அடியில் என்று என் டைக் இரண்டு கிலோமீட்டர் போனது. சில்லைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்த சார் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். அந்த மனிதர் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"இந்தப் பக்கம் ஒரு டைக் இருக்கணும்னு எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், ஒருத்தன் நம்பலை. ஃபீல்டுக்கு வரும்போது மொதல்ல அங்கதாம்மா போறோம்."

சார் வந்தார்

பங்குனி வெயிலில் சார் கேமரா, டேப், புது நோட்டு என்று கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து இறங்கினார். பாண்டியம்மா அக்கா தூரத்திலிருந்தே அவரைப் பார்த்து, மாமனாரா என்று எனக்குச் சைகை காட்டினார். நரைத்த தலையைப் பார்த்தோ என்னவோ, சின்னச்சாமி அண்ணன் வேலிப் படலைத் திறந்துவிட்டார். சார் முதல் உருண்டையை உதைத்தார். அசையவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையையும் அகல விரித்து, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இந்தத் தோப்புக்கு அடியில் பூமி எப்படிப் பிளந்தது, குழம்பு எப்படி ஏறியது என்று அண்ணனுக்கு விளக்கினார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயம்புத்தூருக்கு எந்தப் பெட்டியைக் கொண்டுபோகலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

கடைசியில் சார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தக் கல்லெல்லாம் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறது என்று கேட்டார். தாத்தா காலத்திலிருந்து என்று யாராவது சொன்னால் நோட்டில் எழுத அழகாக இருக்கும். அண்ணன், பொங்கலுக்கு அப்புறம்தான் என்றார். சார் கேலி என்று நினைத்துச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் மச்சான் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது வந்த உருண்டைகளாம். இரண்டு லாரியில் ஏற்றிவந்து, ஜே.சி.பி. வைத்து அரையடி பள்ளம் பறித்து, அசையாமல் பதித்தாராம். எதற்கு என்று சார் கேட்ட குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அண்ணன் கொஞ்சம் சங்கடத்தோடு என்னைக் காட்டினார்:

"இந்தப் பாப்பா பெயிண்டு டப்பாவோட சுத்திக்கிட்டு இருந்துச்சுல்ல சார். சர்வே ஜீப்பு உள்ள வந்துரக் கூடாதுன்னு, இதுக்குப் பயந்துதான் கல்லைப் போட்டேன்."

கையெழுத்து

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. டிகிரி போச்சு, வேலை போச்சு, இல்லாத டைக்கை நானே உண்டாக்கி நானே கண்டுபிடித்து நானே கோடு போட்டிருக்கிறேன். சார், அண்ணன் வெட்டிக் கொடுத்த இளநீர் இரண்டைக் குடித்தார். பிறகு மச்சான் தோட்டத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டுப் புது நோட்டில் குறித்துக்கொண்டார். அங்கேயிருந்த மூன்று பேரில் சந்தோஷமாக இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். அப்போ ரோடு வரவில்லைதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வாய் வார்த்தை போதாது, எழுதிக் கொடுக்கச் சொன்னார். சார் தாளைக் கிழித்து, இந்த மாணவி ரோடு போட வரவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் போட்ட முதல் கையெழுத்து அந்தத் தாளில்தான்.

மீதி நாள் முழுக்க வெயிலில் என்னை இழுத்துக்கொண்டு மற்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு கல்லையும் இரண்டு தடவை உதைத்தார். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வரைபடத்தை மடியில் விரித்து, பாக்கியெல்லாம் சரியாகவே இருக்கிறது என்றார். தன் பையிலிருந்து ரப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கிலோமீட்டரையும் அழித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"உனக்காவது மார்க்கு ஆசை. எனக்கு என்ன கேடு? டிபார்ட்மெண்ட்ல இதைப் பத்தி நாம ரெண்டு பேரும் வாயே திறக்க வேண்டாம்மா."

கனமான கல்

டிகிரி வந்தது. கோயம்புத்தூர் வேலையும் வந்தது. பெட்டி கட்டுகிற அன்றைக்கு, தண்ணி எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சின்னச்சாமி அண்ணன் போன் பண்ணினார். மாடியில் காய்ந்த என் கற்கள் இப்போது அம்மாவின் சேலைகள் காற்றில் பறக்காமல் இருக்க உபயோகப்படுகின்றன. வேலி மூலையில் உடைத்த கறுப்புச் சில்லில் மிச்சம் இருந்ததும் அவற்றோடு சேர்ந்துவிட்டது. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உன் படிப்புலயே இந்த ஒண்ணுதான்டி உருப்படி, அழுக்கே தெரியலை. அந்தத் தோப்புக்காரர்கிட்டக் கேட்டு இன்னும் ரெண்டு கொண்டா."

கோடி வருஷத்துப் பாறைக்கு வயசு சொல்ல எங்களுக்கு ஐந்து வருஷப் படிப்பு போதும், பொங்கலுக்கு அப்புறம் வந்த கல்லுக்கு வயசு தெரிய வேண்டுமென்றால்தான் தோட்டத்துக்காரரைக் கேட்க வேண்டும்.